25 வயது ஸ்ப்ளெண்டருக்கு எஃப்.சி. – புரோக்கர் இல்லாமல் போகலாமா?

கொடிக்கால் மகன் | சோழவந்தான் | அக்டோபர் 26, 2025

வணக்கம். அப்பாவின் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் 2000 டிசம்பரில் பதிவு செய்தது. வருகிற டிசம்பர் 18-ஆம் தேதியோடு ஆர்சி (பதிவுச் சான்று) முடிகிறது. 2015-லும் 2020-லும் ஒரு புரோக்கரிடம் கொடுத்துப் புதுப்பித்தார். அவர் இப்போது தொழிலில் இல்லை. புதிதாக ஒருவர் கேட்ட தொகையைச் சொன்னதும், "அந்தக் காசுக்கு வண்டியை அவனுக்கே கொடுத்துவிடலாம்" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

அப்பா வெற்றிலை வியாபாரி. 25 வருடமாக விடியற்காலை நாலரை மணிக்கு, ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டுகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்வருகிற வண்டி. எஞ்சின் இன்றும் ஒரே உதையில் கிளம்பும். ஆனால் சாக்குத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, சீட்டுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் துரு. பின் மட்கார்டில் விரலை வைத்தால் மறுபக்கம் வருகிறது. பிரேக் லைட் கடைசியாக எப்போது எரிந்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

இனிமேல் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். 15 வருடம் தாண்டிய வண்டியைப் பிடுங்கி உடைத்துவிடுவார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி வேறு. எது உண்மை? நானே கொண்டுபோனால் பிரேக் இன்ஸ்பெக்டர் எதையெல்லாம் பார்ப்பார்?

புது வண்டி வாங்கலாமே என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். நான் சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மேலூர் குட்டியானை | அக்டோபர் 26

தம்பி, வருடா வருடம் என்பது எங்களைப் போன்ற மஞ்சள் போர்டுக்காரர்களின் தலையெழுத்து. வாடகை வண்டி எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். என் குட்டி யானைக்குப் பதினோரு வயது, அதனால் ஒவ்வொரு சித்திரைத் திருவிழாவுக்கும் எனக்கு எஃப்.சி. காய்ச்சல் வந்துவிடும். சொந்த உபயோக பைக்குக்கு அப்படி இல்லை. முதல் 15 வருடம், பிறகு ஐந்து ஐந்து வருடம். நாம் எஃப்.சி. என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, உங்கள் அப்பாவுக்கு நடக்கப்போவது ஆர்சி புதுப்பித்தல்.

பழைய ஃபோர்மேன் | அக்டோபர் 26

மேலூர்க்காரர் சொன்னது சரி. வாட்ஸப் செய்தி டெல்லி வட்டாரத்தின் கதை. அங்கே பத்து வருட டீசலுக்கும் பதினைந்து வருட பெட்ரோலுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. இன்னொன்று, அரசுக்குச் சொந்தமான வாகனங்களுக்கு 15 வருடம் ஆனால் பதிவு ரத்து என்று 2023 ஏப்ரலில் வந்தது. இரண்டையும் கலந்து ஊரெல்லாம் பயம் காட்டுகிறார்கள். மதுரையில் தனியார் பைக் தகுதியோடு இருந்தால் எத்தனை வயதானாலும் ஓடலாம்.

விண்ணப்பம் படிவம் 25. ஆர்சி முடிய 60 நாளுக்குள் போட வேண்டும், உங்களுக்கு அந்தக் கணக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அரசின் பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டி நாள் குறித்துக்கொள்ளலாம். கட்டணத்தைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். 2022 ஏப்ரலில் பைக்குக்கு 300-ஆக இருந்ததை 1000 ஆக்கினார்கள். இந்த ஆகஸ்ட்டில், 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2000 என்று மறுபடி ஏற்றினார்கள். அதோடு பசுமை வரி தனி.

காகிதத்தில் முதலில் ஒன்றைப் பாருங்கள். 2000-இல் கடனில் வாங்கிய வண்டியா? கடன் கட்டி முடித்திருப்பார், ஆனால் ஆர்சியில் அடமானக் குறிப்பு அப்படியே கிடக்கும். அது இருந்தால் படிவம் 35-ம் கடன் கொடுத்தவரின் தடையில்லாக் கடிதமும் வேண்டும். கடன் கொடுத்த நிறுவனமே மூடிப்போயிருந்தால் அலைச்சல்தான். வண்டியில் கை வைக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கொடிக்கால் மகன் | அக்டோபர் 27

நன்றி ஐயா. அடமானம் இல்லை. அம்மாவின் சங்கிலியை விற்று ரொக்கமாக வாங்கிய வண்டி. அந்தக் கதையை இன்றும் மாதம் ஒருமுறை கேட்கிறோம்.

ஸ்பேனர் 14 | ஆரப்பாளையம் | அக்டோபர் 27

தம்பி, 22 வருடமாக ஸ்ப்ளெண்டர் பார்க்கிறவன் சொல்கிறேன். எஃப்.சி. என்றதும் எல்லாரும் முதலில் பெயிண்ட் அடிக்கிறார்கள். அது கடைசி வேலை, அடிக்காவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஒரு ஆளைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங், போய்விட்டது. பிறகு ஹேண்டிலை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுந்தது போல் நின்றால், இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும். அடுத்து பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங், சக்கரத்தோடு சேர்ந்து அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் ஆடினால் புஷ். பாரம் ஏற்றும் வண்டி என்பதால் எனக்குப் புஷ் மேல்தான் சந்தேகம்.

பிரேக்குக்கு டிரம்மைக் கழற்றவே வேண்டாம். பிரேக் பிளேட்டில் ஷூவை விரிக்கும் கேம் லிவர் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுவதும் அழுத்தும்போது அந்த அம்பு, பிளேட்டில் இருக்கும் அடையாளத்தைத் தொட்டால் ஷூ முடிந்தது என்று அர்த்தம். பாதிப் பேர் இதைப் பார்த்ததே இல்லை, ராடை மட்டும் திருகித் திருகி ஓட்டுவார்கள். ஷூ மாற்றும்போது கேமையும் கழற்றித் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். கேம் இறுகிப்போயிருந்தால் புது ஷூ போட்டாலும் பிரேக் ஒட்டிக்கொண்டே நிற்கும். கிரீஸ் ஷூவில் படக்கூடாது, அது வேறு வம்பு.

லைட் விஷயம் கொஞ்சம் பெரியது. உங்கள் மாடலில் ஹெட்லைட், எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்து நேராக எரிகிறது. ஐடிலில் மங்கும், ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பிரகாசமாகும். அது குறையில்லை, அதன் குணம். ஆனால் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரி. பேட்டரி செத்த வண்டியில் ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தும், இண்டிகேட்டர் விடாமல் எரிந்துகொண்டே இருக்கும் அல்லது எரியவே எரியாது. உதைத்தால் கிளம்புகிறதே என்று பேட்டரியைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார் உங்கள் அப்பா.

பிரேக் லைட்டுக்குப் பல்பை மாற்றும் முன், வலது கால் பக்கம் பெடலிலிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் சுவிட்சுக்குப் போகிறதா பாருங்கள். பத்து ரூபாய் ஸ்பிரிங். நூறு வண்டியில் அறுபதில் அதுதான் அறுந்திருக்கும். அது இருந்தும் எரியவில்லை என்றால் எர்த். மட்கார்டு துருப்பிடித்தால் பின் லைட்டின் எர்த் போகும். புது மட்கார்டு போடும்போது போல்ட் வரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு எர்த் ஒயரை வையுங்கள்.

மொத்தமாக இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரத்துக்குள் அடங்கும். டயர் மொட்டையாக இருந்தால் தனி.

பழைய ஃபோர்மேன் | அக்டோபர் 27

ஸ்பேனர் தம்பி சொன்னதோடு சில. பைக் டயரில் பள்ளம் குறைந்தது 0.8 மி.மீ. வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. வெற்றிலை பாரத்தோடு மழையில் ஓடும் வண்டி, அதனால் விதிக்காக இல்லாமல் அப்பாவுக்காகப் பின் டயரை மாற்றுங்கள். நம்பர் பிளேட்டில் பின்புற எழுத்து 35 மி.மீ. உயரம், எண் 40 மி.மீ., முன்புறம் இரண்டும் 30 மி.மீ. சாய்வெழுத்து, கட்சிக் கொடி, சாமி படம் எதுவும் பிளேட்டில் வேண்டாம்.

சாரி கார்டைக் கழற்றியிருந்தால் மாட்டிவிடுங்கள். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பும், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், கால் வைக்க ஃபுட்ரெஸ்டும் இருக்க வேண்டும் என்று 123-ஆம் விதியே சொல்கிறது. கட்டு வைக்க வசதியாகக் கழற்றிப் போட்டிருப்பார்கள், எனக்குத் தெரியும். அப்புறம் நிறம். ஆர்சியில் கறுப்பு என்றிருந்தால் வண்டியும் கறுப்பாக இருக்க வேண்டும்.

ஆர்எக்ஸ் ரசிகன் | நாகமலை | அக்டோபர் 28

புகையை மறந்துவிட்டீர்களே! என்னுடையது 1994 ஆர்எக்ஸ் 100. இதுவரை நான்கு தடவை புதுப்பித்தாகிவிட்டது. டூ ஸ்ட்ரோக்கில் புகைச் சான்று வாங்குவது ஒரு கலை. சைலன்சரின் உள்குழாயை ஒரே ஸ்குருவில் உருவிவிடலாம். வறட்டி நெருப்பில் போட்டுக் கரியைச் சுட்டுத் தட்டினால் ஒரு கைப்பிடி விழும். அதைச் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் நோண்டுகிறவர்கள்தான் தோற்றுப்போகிறார்கள். ஆயில் பம்ப் அளவையும் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

பழைய ஃபோர்மேன் | அக்டோபர் 28

உங்கள் கோபம் இருக்கட்டும் தம்பி, கேட்டவரிடம் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக். 2000 மார்ச்சுக்குப் பிறகு செய்த ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4500 பிபிஎம் வரை. அதற்கு முந்தைய உங்கள் ஆர்எக்ஸுக்கு 4.5 சதவீதமும் 9000-மும். உங்களுக்கு அரசாங்கம் ஏற்கனவே தாராளமாகத்தான் இருக்கிறது.

ஸ்ப்ளெண்டருக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, பிளக் மாற்றி, பத்து கிலோமீட்டர் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பரிசோதனைக்கு நிறுத்துங்கள். விடியற்காலை குளிரில் சோக்கை இழுத்துவிட்டுப் போய் நின்றால் எந்த வண்டியும் தோற்கும். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, அதை ட்யூனிங்கில் மறைக்க முடியாது. புகைச் சான்று இந்த வண்டிக்கு ஆறு மாதம்தான் செல்லும், அதனால் இப்போதே எடுத்து வைத்தாலும் தப்பில்லை.

தெப்பக்குளத்துக்காரி | அக்டோபர் 28

நான் போன வருடம் என் 2009 ஸ்கூட்டிக்கு நானே போய் வந்தேன். வாசலிலேயே இரண்டு பேர், "மேடம், நீங்கள் எதற்கு வெயிலில் நிற்கிறீர்கள்" என்று அக்கறையாகக் கேட்டார்கள். அந்த அக்கறைக்கு விலை இரண்டாயிரம். நான் வெயிலிலேயே நின்றேன். வண்டியைப் பார்த்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. ஹாரன் அடிக்கச் சொன்னார்கள், லைட் போடச் சொன்னார்கள், கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக் பிடிக்கச் சொன்னார்கள், நம்பரை உட்கார்ந்து படித்தார்கள். என்னிடம் ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. போய் மாட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். 150 ரூபாய்க்கு எதிர்க் கடையில் மாட்டிக்கொண்டு வந்தேன், அன்றே முடிந்தது. எந்த எதிர்க் கடையில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு பழைய துணி, தண்ணீர் பாட்டில், கறுப்பு பேனா, பசை டப்பா எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. பேனா இல்லாமல் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டால் அவர் புரோக்கராகத்தான் இருப்பார்.

நெறியாளர் | அக்டோபர் 28

புரோக்கர் போன் நம்பர் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மூன்றாவதாக ஒன்று வந்தால் இழையைப் பூட்டுவேன்.

தேம்ஸ் கரை மதுரைக்காரன் | அக்டோபர் 29

சும்மா படித்துக்கொண்டிருந்தவன், ஒன்று சொல்லத் தோன்றியது. இங்கே பிரிட்டனில் பைக் மூன்று வயது ஆனதிலிருந்து ஆண்டுதோறும் எம்ஓடி என்ற சோதனை உண்டு. அரசு அலுவலகத்துக்குப் போவதில்லை, உரிமம் பெற்ற ஒர்க் ஷாப்பிலேயே செய்வார்கள். அதிகபட்சம் 29.65 பவுண்டு வாங்கலாம். டயர் பள்ளம் இங்கே 1 மி.மீ. தேறாவிட்டால் எது உடனே சரிசெய்ய வேண்டியது, எது அடுத்த வருடத்துக்குள் கவனிக்க வேண்டியது என்று பிரித்து எழுதித் தருவார்கள். அந்தத் தாள் எனக்குப் பிடிக்கும். 40 வயது தாண்டிய வண்டியைப் பெரிதாக மாற்றாமல் வைத்திருந்தால் சோதனையே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் அப்பா வண்டிக்கு இன்னும் 15 வருடம் பாக்கி!

கொடிக்கால் மகன் | நவம்பர் 5

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரமாக இதே வேலைதான். ஸ்பேனர் அண்ணே, நீங்கள் மதுரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னது இங்கே அப்படியே இருந்தது. ஸ்விங் ஆர்ம் புஷ் போயிருந்தது. பிரேக் லைட் ஸ்பிரிங்கும் அறுந்திருந்தது, பத்து ரூபாய் சரியான கணக்கு. கோன் செட் நல்லவேளையாக இறுக்கினதோடு நின்றது. மட்கார்டு புதிது, பின் டயர் புதிது, பேட்டரி புதிது. மொத்தம் 5,840 ரூபாய். புகையில் கார்பன் மோனாக்சைடு 1.8 வந்தது. இன்ஷூரன்ஸ் மூன்றாம் நபருக்கு மட்டும், 714 ரூபாயும் ஜிஎஸ்டியும்.

உள்ளூர் மெக்கானிக் மிச்சம் இருந்த பெயிண்டில் ஃபிரேம் முழுவதும் ஒரு கோட்டிங் அடித்துக் கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை. வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. 12-ஆம் தேதி நாள் கிடைத்திருக்கிறது.

ஸ்பேனர் 14 | நவம்பர் 5

ஃபிரேம் முழுவதும் என்றால் கழுத்துப் பக்கமுமா? அங்கே பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள் தம்பி.

கொடிக்கால் மகன் | நவம்பர் 12

அண்ணே, உங்கள் பதிலை இன்று மதியம்தான் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டோம்.

ஹாரன், லைட், பிரேக் எல்லாம் தேறியது. ஓட்டிக் காட்டியது அப்பாதான், கல்யாண ஊர்வலம் மாதிரி நிதானமாக ஓட்டினார். பிறகு சேசிஸ் நம்பர். ஸ்டீயரிங் கழுத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பெயிண்ட் பள்ளத்தில் எல்லாம் நிரம்பி மொழுமொழுவென்று இருக்கிறது. பென்சில் வைத்துத் தேய்த்தால் தாளில் வெறும் கறுப்பு. நம்பர் தெரிந்தால் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இலவசமாக வந்த பெயிண்டால் ஒரு நாள் வியாபாரம் போய்விட்டது.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பழைய ஃபோர்மேன் | நவம்பர் 12

வேண்டாம்! உப்புத்தாள், எமரி, கிரைண்டர், கம்பி பிரஷ் எதுவும் அந்த இடத்தின் பக்கமே போகக்கூடாது. நம்பரைச் சுற்றி உலோகத்தில் கீறல் இருந்தால் திருட்டு வண்டிக்கு நம்பரை அழித்து மாற்றி அடித்தது போலத்தான் தெரியும். பிறகு பெயிண்ட் பிரச்சினை காவல் நிலையப் பிரச்சினை ஆகிவிடும்.

ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் ரிமூவர் பேஸ்ட் கிடைக்கும். சின்ன பிரஷ்ஷில் நம்பர் மேல் மட்டும் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பெயிண்ட் தோல் மாதிரிச் சுருங்கி எழும்பும். துணியால் ஒற்றி எடுங்கள். பள்ளத்தில் இருப்பதைப் பழைய பல் பிரஷ்ஷாலோ மூங்கில் குச்சியாலோ எடுக்கலாம். கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள், டேங்க் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் அங்கேயும் உரிந்துவிடும். முடிந்ததும் சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து வெள்ளையாக நிற்கும். பிறகு பென்சில் அச்சு எடுத்து ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

கொடிக்கால் மகன் | நவம்பர் 16

ஐயா, பேஸ்ட் வேலை செய்தது. 25 வருடத்தில் முதல்முறையாக அந்த நம்பரை நாங்கள் பார்க்கிறோம்.

ஆனால் புதுச் சிக்கல். நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். கடைசிக்கு முந்தைய எண் ஃபிரேமில் 8. ஆர்சி அட்டையில் 3. டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டோம். 8-தான். அப்பா பதறிப்போய், "என் வண்டி இதுதானா?" என்று கேட்கிறார்.

ஆர்எக்ஸ் ரசிகன் | நவம்பர் 16

ஐயய்யோ. அப்படியானால் 2015-லும் 2020-லும் இதை யார் பார்த்தது?

தெப்பக்குளத்துக்காரி | நவம்பர் 16

அதைத்தான் நானும் கேட்க வந்தேன். வண்டியே போகாமல் ஆர்சி மட்டும் போய்வந்திருக்கும் போல.

பழைய ஃபோர்மேன் | நவம்பர் 16

பதற வேண்டாம். பழைய புத்தகத்திலிருந்து கணினிக்கு ஏற்றும்போது 8-ஐ 3 என்று தட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கையெழுத்தில் இருந்ததைப் பார்த்து அடித்தவர்கள் 1-ஐ 7 என்றும், 0-வை ஓ என்றும் எத்தனையோ வண்டிக்குச் செய்திருக்கிறார்கள். 2000-இல் கொடுத்த பழைய ஆர்சி புத்தகம் வீட்டில் இருக்கிறதா? வாங்கிய ரசீது, முதல் வருட இன்ஷூரன்ஸ், ஷோரூம் கொடுத்த ஏதாவது காகிதம்? அதில் 8 இருந்தால் பிழை உங்களுடையது இல்லை என்று காட்டிவிடலாம். எஞ்சின் நம்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வையுங்கள், அது எஞ்சினின் இடது பக்கம் கீழே இருக்கும்.

இன்னொன்று. இன்ஷூரன்ஸ் பாலிசியும் ஆர்சியைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். இத்தனை வருடமும் தப்பான சேசிஸ் நம்பருக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறீர்கள். ஏதாவது நடந்து இழப்பீடு கேட்கப் போயிருந்தால் அங்கே முதல் கேள்வியே இதுவாக இருந்திருக்கும். ஆர்சி திருத்தியதும் பாலிசியையும் திருத்துங்கள்.

கொடிக்கால் மகன் | நவம்பர் 17

கிடைத்துவிட்டது!

அம்மாவின் டிரங்குப் பெட்டியில், சங்கிலி விற்ற அடகுக் கடைச் சீட்டோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார். பழைய ஆர்சி புத்தகம், ஷோரூம் ரசீது இரண்டிலும் 8. எஞ்சின் நம்பர் மூன்று இடத்திலும் ஒன்றுதான். 25 வருடமாகச் சங்கிலிக் கதையைச் சொல்லிக் காட்டியதன் அருமை அம்மாவுக்கு இன்றுதான் முழுதாகக் கிடைத்தது. "நான் எடுத்து வைக்காவிட்டால்?" என்று காலையிலிருந்து பத்துத் தடவை கேட்டுவிட்டார். அப்பா கொடிக்கால் பக்கம் போய்விட்டார்.

மேலூர் குட்டியானை | நவம்பர் 17

அம்மாவுக்கு என் வணக்கம். என் வீட்டில் இதை வாசித்துக் காட்டக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஸ்பேனர் 14 | நவம்பர் 18

தம்பி, இடையில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தால் வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் டேங்கைக் காலியாக வைத்தால் உள்ளே துரு ஏறிக் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். டேங்கை முக்காலாவது நிரப்பி வையுங்கள். எஃப்.சி. அன்று கிளம்பாமல் நின்றால் இவ்வளவு செய்ததும் வீண்.

கொடிக்கால் மகன் | நவம்பர் 27

முடிந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அடுத்து யாராவது தேடி வந்தால் உதவும்.

20-ஆம் தேதி திருத்த விண்ணப்பம் கொடுத்தோம். பழைய புத்தகம், ரசீது, பென்சில் அச்சு, வண்டி நேரில். முதலில் ஒரு மேசையில் இதெல்லாம் இங்கே இல்லை என்றார்கள், இரண்டாவது மேசையில் முதல் மேசைக்குப் போகச் சொன்னார்கள். அப்பா அமைதியாகப் பழைய புத்தகத்தை விரித்து வைத்து, "இது நீங்கள் எழுதியது, இதுவும் நீங்கள் எழுதியது, இரண்டில் எது சரி என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். அதற்குப் பிறகு ஒரு பெண் அலுவலர் தானே எழுந்து வந்து வண்டியில் நம்பரைப் பார்த்தார். அவரால்தான் நடந்தது. திருத்தம் கணினியில் ஏறியதும் இன்று வண்டியை மறுபடி காட்டினோம். பென்சில் அச்சைத் தாளில் பார்த்ததும் தலையாட்டிவிட்டார்கள். 2030 டிசம்பர் வரை கவலையில்லை. பாலிசியைத் திருத்த இன்ஷூரன்ஸுக்கும் எழுதியாகிவிட்டது.

அலுவலகத்தில் அதிகாரபூர்வக் கட்டணம் தவிர யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் மூன்று நாள் வியாபாரம் போனது. அப்பா கணக்கில் அதுவும் செலவுதான். "புரோக்கரே மலிவு" என்று வரும் வழியெல்லாம் சொன்னார். பாலத்தில் வைகையைப் பார்த்தபோது மட்டும் கொஞ்ச நேரம் பேச்சில்லை, தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

தெப்பக்குளத்துக்காரி | நவம்பர் 27

வாழ்த்துகள்! புரோக்கர் மலிவு என்று அவர் சொன்னாலும், அந்த 3-ஐ எந்தப் புரோக்கரும் 8 ஆக்கியிருக்க மாட்டார்.

கொடிக்கால் மகன் | நவம்பர் 28

அக்கா, உண்மைதான். ஆனால் இன்று விடியற்காலை எழுந்து பார்த்தால், புது மட்கார்டு மேல் அதே ஈரச் சாக்கு, அதே கட்டுகள். நான்கு மணி நேரத்தில் போல்ட் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பாலித்தீன் விரித்தால் வழுக்குகிறது என்று தூக்கி எறிந்துவிட்டார். வேறு ஏதாவது வழி இருக்கிறதா அண்ணே?

ஸ்பேனர் 14 | நவம்பர் 28

பழைய லாரி டியூப் ஒன்று வாங்கி வெட்டி விரியுங்கள். வழுக்காது, தண்ணீர் இறங்காது. ஓரத்தை மட்கார்டைவிட இரண்டு விரல் வெளியே தொங்கவிடுங்கள், சொட்டுவது டயர் மேல் விழாமல் ரோட்டில் விழும். ஆரப்பாளையம் பக்கம் வந்தால் கடைக்கு வரச் சொல்லுங்கள், ஒரு துண்டு என்னிடமே கிடக்கிறது.